விபத்து வழக்குகளில் ஆறு மாதக் கெடு: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாவட்ட நீதிமன்ற வளாகம் ஒன்றில், வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வருபவை பெரும்பாலும் வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை நகல் வாங்குவது, ஆஸ்பத்திரியில் காயச் சான்றுக்கு நிற்பது, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடுவது, மனுவைத் தாக்கல் செய்து எம்.சி.ஓ.பி. எண் (விபத்து இழப்பீட்டு மனுவுக்கான வழக்கு எண்) வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் சட்டத்தின் ஒற்றை வரி ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்பதை அருகிலிருந்து பார்க்கிறவன். உங்கள் அவைகள் எழுதிய அப்படி ஒரு வரியைப் பற்றித்தான் உங்களிடம் முறையிடுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் (3)ஆம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்படாத இழப்பீட்டு மனுவை, இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதோடு முடிந்துவிடுகிறது. ‘போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம்’ என்று வழக்கமாகப் பின்னால் வருகிற வாசகம் அங்கே இல்லை. ஏன் தாமதம் என்று கேட்கும் அதிகாரத்தை அந்த வரி நீதிபதியின் கையிலிருந்து எடுத்துவிட்டது.

அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் கொத்தனார். வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது பின்னால் வந்த சரக்கு வேன் மோதியது. தலையில் அடி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு பொது வார்டு, பிறகு ‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற டிஸ்சார்ஜ் சீட்டு. மூக்கு வழியே போட்ட குழாயில் கஞ்சி ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் வந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டி அந்தப் பெண் அவரைப் பார்த்துக்கொண்டார். எட்டாவது மாதத்தில் அவர் இறந்துபோனார். காரியம் முடிந்த பிறகு, ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களிடம் வந்தார்.

மருந்துக்கடை ரசீதுகள் ஒவ்வொன்றையும் தேதி வாரியாக அடுக்கி, மாதம் மாதமாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஸ்கேன் படங்கள், ஆம்புலன்ஸ் கட்டணச் சீட்டு, ஆஸ்பத்திரி வாசலில் தங்கிய நாட்களில் வாங்கிய சாப்பாட்டு பில் எல்லாம் இருந்தன. படித்த வீட்டிலிருந்து வருகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் கொண்டுவந்து நான் பார்த்தது குறைவு. ‘கணக்கு சரியாக இருக்கிறதா அண்ணா?’ என்று கேட்டார். கணக்கில் ஒரு குறையும் இல்லை. நாள்தான் கடந்திருந்தது.

இந்த வரி விபத்து நாளிலிருந்துதான் ஆறு மாதத்தை எண்ணுகிறது. இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் உயிரிழப்புக்காக இழப்பீடு கேட்கும் உரிமையோ, அவர் இறந்த பிறகுதான் பிறக்கிறது. எட்டு மாதம் உயிருக்குப் போராடி இறந்தவரின் குடும்பத்துக்கு, கேட்கும் உரிமை பிறப்பதற்கு முன்பே கெடு முடிந்துபோகிறது. காயம்பட்டவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் மனுப்போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம், நினைவில்லாதவருக்காக இன்னொருவர் மனுச் செய்ய வழியிருக்கிறது. புருஷன் பிழைப்பானா என்று வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் போய் அந்த வழியைச் சொல்லுகிறவர் யார்? சொன்னாலும், புருஷன் செத்துவிடுவான் என்று எண்ணி வழக்குப் போடுவதைப்போல அது அவருக்குப் படாதா?

மனுவைத் தாக்கல் செய்தோம். ‘மனு எவ்வாறு நிலைக்கத்தக்கது?’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. தாக்கல் பிரிவில் இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

தாமதத்துக்கு இது ஒரு வகைக் காரணம். இன்னும் பல இருக்கின்றன, அத்தனையும் நாங்கள் அன்றாடம் பார்ப்பவை. இடித்த வண்டி நிற்காமல் போய்விடும். முதல் தகவல் அறிக்கையில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்றிருக்கும். பெட்ரோல் பங்க் கேமராவையும் சுங்கச்சாவடிப் பதிவையும் வைத்துக் காவல்துறை வண்டியைக் கண்டுபிடிக்கச் சில வழக்குகளில் மாதக்கணக்காகிறது. வண்டி எண் தெரியாமல், உரிமையாளர் யார், எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று தெரியாமல் எதிர்மனுதாரர் இடத்தில் யார் பெயரை எழுதுவது? திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி சாலையில் இறந்தால், உடலை ஊருக்குக் கொண்டுபோகவே சக தொழிலாளர்கள் வசூல் செய்கிறார்கள். பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு கிராமத்தில் இருக்கும் அவருடைய தாய்க்கு, இழப்பீடு என்று ஒன்று உண்டு என்பதே யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். காலில் கம்பி வைத்துக் கட்டியவருக்கு எலும்பு கூடிற்றா இல்லையா, எத்தனை சதவீத ஊனம் என்பதே ஆறு மாதத்தில் முடிவாகாது. மறு அறுவை சிகிச்சை பாக்கியிருக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே வாரிசுச் சான்றிதழில் தகராறு வந்து தாசில்தார் அலுவலகத்தில் முடங்குகிற வழக்குகளும் உண்டு.

இவற்றில் எது உண்மையான காரணம், எது சாக்குப்போக்கு என்று பிரித்தறிவதற்குத்தான் நீதிபதி இருக்கிறார். இரு தரப்பையும் கேட்டு, சாட்சியைப் பார்த்து, பொய் சொல்கிறவரைத் திருப்பியனுப்புவது அவருடைய அன்றாடத் தொழில். அந்த வேலையைக் காலண்டரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள்.

நாடு இந்தப் பாடத்தை ஒருமுறை படித்து முடித்திருந்தது என்பதுதான் என் வேதனை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஆறு மாதக் கெடு இருந்தது. ஆனால் போதிய காரணம் காட்டினால் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம் என்ற வாசகமும் கூடவே இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது: மன்னிக்கலாம், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் முடியாது என்றது. அதனால் எத்தனை குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின என்பதைப் பார்த்த நாடாளுமன்றமே 1994இல் அந்த உட்பிரிவை அடியோடு நீக்கியது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பே இல்லாமல் போனது. 1996இல் தன்னாலால் வழக்கில் உச்சநீதிமன்றம், காலவரம்பை மட்டும் காரணம் காட்டி வாரிசுகளின் மனுக்கள் தள்ளப்பட்டதால் நேர்ந்த கொடிய அநீதியை உணர்ந்தே நாடாளுமன்றம் இதை நீக்கியது என்று விளக்கி, நிலுவையில் இருந்த வழக்குகளுக்கும் அந்தப் பலனைக் கொடுத்தது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நடந்தது. தீர்ப்பாயங்கள் இடிந்து விழவில்லை. 2019இல் நாம் 1994க்கு மட்டுமல்ல, 1939க்கும் பின்னால் போய்விட்டோம். அந்நிய ஆட்சியின் பெயரிலிருந்த சட்டத்தில்கூட இருந்த மன்னிப்பு இன்றைய சட்டத்தில் இல்லை.

அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள். அது கடந்தாலும், போதிய காரணம் இருந்ததாக உயர்நீதிமன்றம் கருதினால் ஏற்றுக்கொள்ளலாம். இந்தச் சலுகை மேல்முறையீடு செய்கிற எல்லோருக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இழப்பீட்டுத் தொகை அதிகம் என்று மேல்முறையீட்டுக்குப் போகிறவை இன்சூரன்ஸ் நிறுவனங்கள். அவற்றுக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது, நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் குழு இருக்கிறது, கோப்பை நகர்த்த அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் தாமதித்தால் காரணம் கேட்கப்படும். வீட்டில் சம்பாதித்த ஒரே ஆளைப் பறிகொடுத்தவர் தாமதித்தால் காரணம் கேட்கப்படாது. ஒரே சட்டத்துக்குள் இப்படி இரண்டு அளவு இருப்பதை எந்த மேடையில் நின்று நியாயப்படுத்துவீர்கள்?

மற்ற சட்டங்களையும் பாருங்கள். வேலை செய்யும் இடத்தில் விபத்து நேர்ந்தால், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் ஆணையருக்கு இருந்தது. ரயில் விபத்தில் இறந்தால் ஓராண்டு; ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயமும் தாமதத்தை மன்னிக்கலாம். வாங்கிய மிக்சி ஓடவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு. அங்கேயும் மன்னிப்பு உண்டு. ரயிலில் போனவருக்கும் மிக்சி வாங்கியவருக்கும் உள்ள அவகாசம், சாலையில் நடந்து போனவருக்கு ஏன் இல்லை? சரி, தீர்ப்பாயம் வேண்டாம், சிவில் நீதிமன்றத்துக்காவது போகலாமா என்றால், தீர்ப்பாயம் இருக்கிற பகுதியில் சிவில் நீதிமன்றம் இந்தக் கோரிக்கைகளை விசாரிக்க முடியாது என்று 175ஆவது பிரிவு தடுக்கிறது. இருக்கிற ஒரே வாசலையும் ஆறு மாதத்தில் அடைத்துவிட்டோம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் அறியாதவனல்ல. போலி வழக்குகள் என்பார்கள். போலி வழக்குகள் உண்மையிலேயே உண்டு. உத்தரப்பிரதேசத்தில் போலி விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க நேர்ந்தது. வேறு எதிலோ பட்ட அடியை வாகன விபத்தாக்குவது, இல்லாத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் நடக்கின்றன. இந்தத் தொழிலில் நேர்மையாக இருப்பவர்களுக்கு அவர்கள்மேல் உங்களைவிடக் கோபம் அதிகம். ஆனால் ஜோடித்த வழக்கோடு வருகிறவன் கெடுவைத் தவறவிடுவதில்லை. அவனிடம் எல்லாக் காகிதமும் முதல் மாதமே தயாராக இருக்கும். கெடுவைத் தவறவிடுகிறவர், கெடு ஒன்று இருப்பதே தெரியாதவர். ஆறு மாத வேலி போட்டதால் வெளியே நிற்பது அவர்தான்.

இன்னொரு சமாதானம் சற்று வலுவானது. அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 159ஆவது பிரிவுப்படி காவல்துறை விபத்து அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166(4)இன்படி அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே குடும்பம் தனியாக மனுப்போடாவிட்டாலும் உரிமை போகாது என்கிறார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை என்று விதிகளும் படிவங்களும் வந்திருக்கின்றன. 2022 டிசம்பரில் கோகர் முகமது வழக்கில் உச்சநீதிமன்றம் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

அறிக்கை ஒழுங்காக வந்து சேர்ந்த வழக்குகளில் குடும்பங்களுக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சமாகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வராவிட்டால்? ஒரே உதவி ஆய்வாளர் திருவிழாப் பாதுகாப்பும் அமைச்சர் வருகையும் கொலை வழக்கும் விபத்து வழக்கும் சேர்த்துப் பார்க்கிற காவல் நிலையங்கள் நம் மாநிலத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அங்கே அறிக்கை தாமதமானால் எழுத்துமூலம் விளக்கம் கேட்பார்கள், அவரும் கொடுப்பார். அந்தத் தாமதத்துக்கான முழு விலையையும் கட்டுகிறவர், அந்த அறிக்கை என்ற ஒன்று இருப்பதே தெரியாத விதவை. அரசு ஊழியரின் தாமதத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது, அதனால் பாதிக்கப்பட்டவரின் தாமதத்தைப் பொறுக்க மறுக்கிறது.

நீதிபதிக்கு விருப்புரிமை, அதாவது தானே முடிவெடுக்கும் அதிகாரம், கொடுத்தால் எல்லாத் தாமதத்தையும் மன்னித்துவிடுவார்கள் என்ற அச்சமும் தேவையில்லை. 1987இல் காதிஜி வழக்கில் உச்சநீதிமன்றம், தாமதமாக வருவதால் வழக்காடுகிறவருக்குப் பொதுவாக எந்த லாபமும் இல்லை; மன்னிக்க மறுத்தால் நியாயமான வழக்கு வாசலிலேயே செத்துப்போகும்; மன்னித்தால் அதிகபட்சம் நடப்பது இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் என்று விளக்கியது. அந்த வழக்கில் தாமதித்தது யார் தெரியுமா? அரசு. நிலத்துக்குக் கொடுத்த இழப்பீடு அதிகம் என்று நான்கு நாள் பிந்தி மேல்முறையீட்டுக்கு வந்த அரசுக்குத்தான் அந்த இரக்கம் கிடைத்தது. இன்னொரு பக்கம், 2012இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்து, கோப்பு நகர்ந்த கதையைக் காரணமாகச் சொன்னபோது உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. விருப்புரிமை என்பது இரண்டும் சேர்ந்தது. நீதிபதிகள் அதைக் கையாளத் தெரிந்தவர்கள்.

தாமதத்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நட்டம் என்றால் அதற்கும் நடைமுறையில் வழி இருக்கிறது. தாமதமான காலத்துக்கு வட்டி கிடையாது என்று தீர்ப்பாயம் நிபந்தனை போடலாம். தாமத மன்னிப்பு உத்தரவுகளில் இது புதிதல்ல. வட்டியை விட்டுவிடுங்கள் என்றால் எங்களிடம் வழக்குக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட மறுக்க மாட்டார்.

இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் இருக்கிறது. 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம், 166(3)இன் காலவரம்பைக் காரணம் காட்டித் தீர்ப்பாயங்களும் உயர்நீதிமன்றங்களும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அன்று எங்கள் வளாகத்தில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஆனாலும் அது இடைக்கால உத்தரவு. ஒரு வரியைச் சேர்த்தது நீங்கள். அதைச் சரிசெய்கிற கடமையை நீதிமன்றத்தின் தலையில் வைத்துவிட்டுக் காத்திருப்பது உங்கள் அவைக்கு அழகல்ல. பிரிவு செல்லும் என்று நாளை தீர்ப்பு வந்தால், இடைப்பட்ட காலத்தில் எண் வாங்கிய மனுக்களின் கதி என்ன என்ற அடுத்த போராட்டம் தொடங்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இந்த வரி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே மற்ற மாநில உறுப்பினர்கள் பேசுவதற்கு முன் நீங்கள் பேச வேண்டும். கட்சி வேறுபாடு இதில் எதற்கு? உங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் எடுத்துக்கொள்ளப்படும் தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவரலாம். சாலைப் போக்குவரத்து அமைச்சரிடம் கேள்வி நேரத்தில் கேட்கலாம். போக்குவரத்துக்கான நிலைக்குழு முன் வைக்கலாம்.

திருத்தத்தின் வாசகமும் நீளமானதல்ல. போதிய காரணம் இருந்ததாகத் தீர்ப்பாயம் நிறைவடைந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகும் மனுவை ஏற்கலாம் என்ற ஒரு காப்புரை போதும். விபத்துக்குப் பல மாதம் கழித்து இறந்தவர்களின் வழக்கில் இறந்த நாளிலிருந்தும், தப்பிய வாகனம் பிறகு பிடிபட்ட வழக்கில் அடையாளம் தெரிந்த நாளிலிருந்தும் கெடு எண்ணப்பட வேண்டும் என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துகளில், இடைக்கால உத்தரவு வருவதற்கு முன்பே மனு திருப்பப்பட்டவர்களும், ‘இனி முடியாது’ என்று வழக்கறிஞர் அலுவலகத்திலேயே திருப்பியனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்கள் எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் இல்லை. எந்தத் திருத்தம் வந்தாலும் அது அவர்களுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அவர்கள் மீண்டும் மனுச் செய்ய ஓராண்டாவது அவகாசம் கொடுங்கள். அந்தச் செய்தி அவர்களைச் சென்றடைய மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பச் செய்யுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித் திரும்பிப் போனவர்களின் முகவரிகளை எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் திருந்தினால் அவர்களுக்குக் கடிதம் போடுவது என் வேலை.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்